வெள்ளம் கெடுத்த வயலுக்கு முக்கால் பங்குச் செலவு: அமெரிக்க அரசின் மானியம் எப்படி வேலை செய்கிறது?

"அமெரிக்காவில் விவசாயிக்கு அரசாங்கம் சும்மா பணம் கொடுக்கிறது. வேலி உடைந்தாலும் பணம், வயலில் மணல் விழுந்தாலும் பணம்." கடந்த மாதம் மொத்த வியாபாரி ஒருவரின் கடையில் தேநீர் குடித்துக் கொண்டிருந்தபோது காதில் விழுந்த பேச்சு இது. பேசியவர் பாதி சரியாகவும் பாதி பிழையாகவும் சொன்னார். பணம் கொடுப்பது உண்மை. சும்மா கொடுக்கிறார்கள் என்பதுதான் பிழை.

அந்தப் பணம் எதற்கு, யாருக்கு, எந்தக் கணக்கில் கொடுக்கப்படுகிறது என்பதை வியாபாரிகளாகிய நாம் அறிந்து கொள்வது நல்லது. வெள்ளம் வந்த பிறகு அரசாங்கத்திடம் என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்று நாமும் தடுமாறுகிறோம். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா சூறாவளிக்குப் பிறகு இந்தத் தடுமாற்றம் எல்லா ஊர்க் கடைவீதிகளிலும் தெரிந்தது.

திட்டத்தின் பெயரும் பிறப்பும்

இந்த மானியம் அவசர நிலப் பாதுகாப்புத் திட்டம் என்ற பெயரில் வழங்கப்படுகிறது. இன்றைய வடிவில் இதற்கு அதிகாரம் கொடுத்தது 1978ஆம் ஆண்டின் விவசாயக் கடன் சட்டம். நடத்துவது அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் கீழுள்ள பண்ணைச் சேவை முகவரகம்.

ஆனால் இதன் பின்னால் உள்ள எண்ணம் இன்னும் பழையது. 1930களில் அமெரிக்காவின் மத்திய சமவெளிகளில் கடும் வரட்சி வந்து, உழுது போட்ட மேல்மண் காற்றில் பறந்தது. 1935 ஏப்ரல் 14இல் வீசிய புழுதிப் புயல் பகலை இருட்டாக்கியதால் அந்த நாளைக் 'கறுப்பு ஞாயிறு' என்றே இன்றும் அழைக்கிறார்கள். அதே மாத இறுதியில் மண் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. மண் ஒரு தனி மனிதனின் பெயரில் உறுதி எழுதப்பட்டிருந்தாலும், அது கெட்டுப்போனால் நஷ்டம் நாட்டுக்கு என்ற கொள்கை அன்றிலிருந்து வேரூன்றியது. இன்றைய மானியமும் அந்த வேரில் வந்ததே.

எதற்குக் கொடுப்பார்கள்? எதற்குக் கொடுக்க மாட்டார்கள்?

முதலில் கவனிக்க வேண்டியது, இது நஷ்டஈடு அல்ல. பயிர் அழிந்தால் அதற்கு இந்தத் திட்டத்தில் ஒரு சதமும் இல்லை. அதற்குப் பயிர்க் காப்புறுதி வேறாக உண்டு. வீடு இடிந்தாலும் இதில் பணம் இல்லை. நிலத்தை மீண்டும் விளையக்கூடிய நிலைக்குக் கொண்டுவரும் வேலைக்கு மட்டுமே பணம்.

அந்த வேலைகள் இவை: வயலில் வந்து சேர்ந்த மரங்கள், குப்பை கூளங்களை அகற்றுதல், வெள்ளம் கொண்டுவந்து கொட்டிய மணலை அள்ளி, அரித்த பள்ளங்களை நிரப்பி நிலத்தை மட்டப்படுத்துதல், உடைந்த வேலிகளைத் திருத்துதல், நீர் வடிகால், வரம்புகள் போன்ற பாதுகாப்பு அமைப்புகளைத் திரும்பக் கட்டுதல், காற்று அரிப்பைத் தடுத்தல், கடும் வரட்சியில் கால்நடைகளுக்கும் பழத் தோட்டங்களுக்கும் தண்ணீருக்கு வழி செய்தல்.

சேதமும் சில சோதனைகளில் தேற வேண்டும். திருத்தாமல் விட்டால் நிலத்துக்கே ஆபத்தாக இருக்க வேண்டும். விளைச்சல் சக்தியைப் பாதிப்பதாக இருக்க வேண்டும். அரச உதவி இல்லாமல் தாங்க முடியாத அளவுக்குச் செலவு வர வேண்டும். காற்று அரிப்பைத் தவிர மற்றவற்றில், அதே இடத்தில் அடிக்கடி வரக்கூடிய சேதமாகவும் இருக்கக் கூடாது. அனர்த்தத்துக்கு முன்பே இருந்த பழுதை இதில் நுழைக்கவும் முடியாது.

அடிக்கடி வரும் சேதத்துக்குப் பணம் இல்லை என்ற நிபந்தனையை வாசித்தபோது எனக்கு அக்குறணைக் கடைவீதிதான் நினைவுக்கு வந்தது. பிங்கா ஓயா பெருகும்போதெல்லாம் கடைகளுக்குள் தண்ணீர் வருகிறது. அமெரிக்க அதிகாரியிடம் போனால், "இது அனர்த்தம் அல்ல, வழக்கம். ஆற்றைப் பாருங்கள், கட்டிடங்களைப் பாருங்கள்" என்று சொல்லி அனுப்பிவிடுவார். கசப்பான பதில். ஆனால் அநியாயமான பதில் என்று சொல்ல என் வாய் வரவில்லை.

கணக்கு எப்படி?

செலவில் அதிகபட்சம் 75 வீதத்தை அரசாங்கம் ஏற்கும். மீதி விவசாயியுடையது. வருமானம் குறைந்தவர்கள், புதிதாக விவசாயத்துக்கு வந்தவர்கள் போன்றோருக்கு இது 90 வீதம் வரை உயரலாம். 2018 டிசம்பரில் கையொப்பமான பண்ணைச் சட்டம், ஒரு அனர்த்தத்தில் ஒருவர் பெறக்கூடிய உச்சத் தொகையை 2 இலட்சம் டொலரிலிருந்து 5 இலட்சம் டொலராக உயர்த்தியது.

இன்னொரு கடிவாளமும் உண்டு. கொடுக்கும் பணம், பாதிக்கப்பட்ட நிலத்தின் விவசாயச் சந்தைப் பெறுமதியில் பாதியைத் தாண்டக் கூடாது.

ஓர் உதாரணக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவருடைய 20 ஏக்கர் நிலத்தில் மணல் விழுந்திருக்கிறது. ஏக்கர் 5,000 டொலர் என்று வைத்தால் நிலத்தின் பெறுமதி 100,000 டொலர். மணலை அள்ளி மட்டப்படுத்த 40,000 டொலர் செலவானால் அரசின் பங்கு 30,000. விவசாயி போடுவது 10,000. ஆனால் செலவு 80,000 ஆகிவிட்டால்? 75 வீதம் என்பது 60,000. பெறுமதியின் பாதியோ 50,000தான். ஆகவே 50,000 மட்டுமே கிடைக்கும். மீதி 30,000 அவர் பையிலிருந்து போக வேண்டும்.

இந்த இரண்டு எல்லைகளிலும் வியாபார புத்தி இருக்கிறது. விவசாயி தன் பங்கைப் போடுவதால் தேவையில்லாத வேலையைச் செய்ய மாட்டார். ஒப்பந்தக்காரர் கேட்கும் விலைக்கெல்லாம் தலையாட்டவும் மாட்டார். திருத்தும் செலவு நிலத்தின் பெறுமதியை விழுங்கும் இடத்தில் பொதுப்பணத்தைக் கொட்டுவதை மற்ற எல்லை தடுக்கிறது. ஐந்து இலட்சம் பெறுமதியான பழைய லொறிக்கு எட்டு இலட்சத்தில் எஞ்சின் போடுபவர் நம்மில் யாரும் இல்லையே!

யார் தீர்மானிப்பது?

மாநிலத்துக்குக் கீழே உள்ள நிர்வாகப் பிரிவை அமெரிக்காவில் 'கவுண்டி' என்பார்கள். கவுண்டி மட்டத்தில் ஒரு குழு உண்டு. மூன்று முதல் பதினொரு பேர் வரை கொண்ட இந்தக் குழுவை அந்தப் பகுதி விவசாயிகளே வாக்களித்துத் தெரிவு செய்கிறார்கள். பதவிக்காலம் மூன்று ஆண்டுகள். தன் ஊர் மண்ணையும், ஒரு லோட் மணல் அள்ள எவ்வளவு செலவாகும் என்பதையும் அறிந்தவர்கள் அதில் இருப்பார்கள்.

விண்ணப்பம் வந்ததும் வயலுக்கு வந்து பார்வையிடுவார்கள். வேலையை அங்கீகரிப்பார்கள். விவசாயி வேலையைச் செய்து முடித்து, பற்றுச்சீட்டுகளைக் கொடுக்க வேண்டும். அதன் பிறகே பணம். விவசாயி தானே உழைத்தாலும், தன் சொந்த உழவு இயந்திரத்தைப் பயன்படுத்தினாலும் அதையும் செலவாகக் காட்டலாம்; ஆனால் நாள், மணி, வேலை எல்லாம் எழுதி வைத்திருக்க வேண்டும். திருத்திய வேலியையோ வடிகாலையோ குறிப்பிட்ட காலத்துக்குப் பராமரிக்கும் கடமையும் அவருக்கு உண்டு.

இதில் பலர் வழுக்கி விழும் இடம், அனுமதி வருமுன் வேலையைத் தொடங்கிவிடுவது. அப்படித் தொடங்கினால் பணம் கிடைக்காமல் போகலாம். விண்ணப்பத்தைக் கொடு, பார்வையிடும் வரை பொறு என்பதே அங்குள்ள அதிகாரிகள் ஒவ்வொரு அனர்த்தத்திலும் திரும்பத் திரும்பச் சொல்வது.

மிசூரி ஆற்றங்கரையில் ஒரு கவுண்டி

காகிதத்தில் உள்ள விதி களத்தில் எப்படி நடக்கிறது என்பதைப் பார்க்க, அயோவா மாநிலத்தின் தென்மேற்கு மூலையில் உள்ள ஃபிரிமோன்ட் கவுண்டியை எடுத்துக்கொள்வோம். மேற்கே மிசூரி ஆறு. ஆற்றைக் கடந்தால் நெப்ராஸ்கா மாநிலம். 2020 சனத்தொகைக் கணக்கெடுப்பின்படி கவுண்டி முழுவதிலும் ஏழாயிரத்துக்கும் குறைவான மக்களே. சோளமும் சோயாவும்தான் சீவனம்.

2011இல் மேல்நாட்டுப் பனியும் மழையும் சேர்ந்து மிசூரி ஆற்றைப் பெருக்க, ஜூன் மாதம் மண் அணை உடைந்தது. கோடை முழுவதும் வயல்கள் தண்ணீருக்குள் கிடந்தன. தண்ணீர் வடிந்த இடங்களில் சில வயல்களில் மணல் மேடுகளும், சில வயல்களில் ஆழமான பள்ளங்களும் எஞ்சின. அங்குள்ள ஹம்பர்க் என்ற சிறு நகரம் அவசரமாக ஒரு மண் அணையை உயர்த்தித் தப்பியது. ஆனால் அந்த உயர்த்திய பகுதி நிரந்தர அணைக்கான தரத்தில் இல்லை. தரத்துக்குக் கொண்டுவர மில்லியன் கணக்கான டொலர் வேண்டும். ஊரிடம் அந்தப் பணம் இல்லை. எனவே உயர்த்தியதை மீண்டும் இறக்க வேண்டியதாயிற்று. 2019 மார்ச் மாதம் அடுத்த பெருவெள்ளம் வந்தபோது அந்த வழியாகவே தண்ணீர் ஊருக்குள் புகுந்தது.

2019 வெள்ளத்தில் வியாபாரிகள் கவனிக்க வேண்டிய இன்னொரு சங்கதியும் உண்டு. அதற்கு முந்திய ஆண்டு, 2018 ஜூலையில், வர்த்தகப் போரின் ஒரு பகுதியாக அமெரிக்க சோயாவுக்குச் சீனா 25 வீத மேலதிக வரி விதித்தது. விலை விழுந்தது. விலை ஏறட்டும் என்று பல விவசாயிகள் அறுவடையை விற்காமல் பெரிய தகரக் களஞ்சியங்களில் வைத்திருந்தார்கள். வெள்ளத்தில் தானியம் ஊறிப் பெருத்து, களஞ்சியங்கள் வெடித்துச் சிதறின. ஆற்று வெள்ளம் தொட்ட தானியம் உணவுக்கோ தீனிக்கோ ஆகாது. சட்டப்படி அழிக்கப்பட வேண்டியதே.

அந்தத் தானியத்துக்கு யார் பணம் கொடுத்தார்கள்? அந்த நேரத்தில் எவரும் இல்லை. பயிர்க் காப்புறுதி வயலில் நிற்கும் பயிருக்கு. அறுத்துக் களஞ்சியத்தில் சேர்த்ததற்கு அல்ல. நிலப் பாதுகாப்புத் திட்டம் நிலத்துக்கு, சரக்குக்கு அல்ல. கடையில் ஸ்டொக் வைத்துக்கொண்டு விலையைப் பார்த்திருக்கும் நம்மைப் போலத்தான் அந்த விவசாயிகளும் நின்றார்கள். பிறகு 2019 ஜூன் 6ஆம் திகதி கையொப்பமான அனர்த்த நிவாரணச் சட்டத்தில்தான் களஞ்சியத் தானிய இழப்புக்கும் ஒரு வழி திறக்கப்பட்டது. அதே சட்டத்தில் நாடு முழுவதற்குமாக நிலப் பாதுகாப்புத் திட்டத்துக்கு 558 மில்லியன் டொலர் ஒதுக்கப்பட்டது.

குறைகளும் உண்டு

இந்தத் திட்டத்தைப் புகழ்ந்துவிட்டு மட்டும் போக முடியாது.

முதற்குறை தாமதம். இத்திட்டத்துக்கான பணம் பெரும்பாலும் அனர்த்தத்துக்குப் பின் காங்கிரஸ் சபை நிறைவேற்றும் மேலதிக ஒதுக்கீட்டிலிருந்தே வருகிறது. ஃபிரிமோன்ட் விவசாயிக்கு வெள்ளம் மார்ச்சில்; சட்டம் ஜூனில். அதற்குள் சோளம் விதைக்கும் பருவம் முடிந்துவிடுகிறது.

இரண்டாவது, கையில் காசு உள்ளவனுக்கே இது இலகு. முதலில் முழுச் செலவையும் போட்டு, வேலையை முடித்து, பிறகுதான் முக்கால் பங்கைப் பெற வேண்டும். 40,000 டொலரை உடனே புரட்டக் கூடியவர் பெரிய விவசாயி. புரட்ட முடியாதவர் வங்கிக்குப் போய் வட்டிக்கு எடுக்க வேண்டும், அல்லது நிலத்தை அப்படியே விட வேண்டும். இந்தக் குறையை உணர்ந்துதான் 2018 சட்டம் வேலி திருத்தும் வேலைக்கு மட்டும் 25 வீதம் வரை முற்பணம் கொடுக்க அனுமதித்தது. அறுபது நாட்களுக்குள் செலவழிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

ஆனால் ஒரு விடயத்தில் அவர்களை மெச்ச வேண்டும். யாருக்கு எந்த ஆண்டில் எவ்வளவு போனது என்பது மறைவான கணக்கு அல்ல. வொஷிங்டனில் உள்ள ஒரு சுற்றாடல் அமைப்பு, அரசிடமிருந்து தரவுகளைப் பெற்று, கவுண்டி வாரியாக, பெறுநர் வாரியாக 2000களின் தொடக்கத்திலிருந்தே பகிரங்கப்படுத்தி வருகிறது. பக்கத்து வயல்காரன் எவ்வளவு வாங்கினான் என்பதை எவரும் பார்க்கலாம். அண்டை வீட்டான் பார்க்கிறான் என்றால் பொய்க்கணக்குக் குறையும்.

நமக்கு என்ன?

சில வருடங்களுக்கு முன் என் கடைக்குள் தண்ணீர் வந்தது. வடிந்த மறுநாளே பையன்களைச் சேர்த்துக்கொண்டு சேற்றைக் கழுவி, நனைந்த மூடைகளை லொறியில் ஏற்றி அனுப்பிவிட்டேன். கடையைத் திறந்துவிட்டேன் என்ற பெருமை வேறு. இரண்டு வாரம் கழித்துச் சேத விபரம் எடுக்க வந்தவர், "எத்தனை மூடை? எங்கே பில்? எங்கே படம்?" என்று கேட்டார். என் வாய் மட்டும்தான் சாட்சி. அவர் மேல் பிழை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்க வேண்டும் என்பதை சூரத்துல் பகராவின் 282ஆம் வசனம் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறது. நாம் அதைக் கடன் கொப்பியோடு நிறுத்திவிட்டோம்.

இன்னொன்று முக்கியமானது. அனர்த்தத்துக்குப் பின் வியாபாரிகளுக்கென்று நம் நாட்டில் பெரும்பாலும் பேசப்படுவது சலுகை வட்டிக் கடன். வட்டி குறைவு என்று சொல்லித் தருவார்கள். குறைந்தாலும் வட்டி வட்டிதான் என்று நம்மில் பலர் ஒதுங்கிக்கொள்கிறார்கள்; ஒதுங்கியவர் உதவியே இல்லாமல் நிற்கிறார். அமெரிக்காவிலும் அவசரக் கடன் உண்டு, அதற்கு வட்டியும் உண்டு. ஆனால் மேலே சொன்ன செலவுப் பங்கீட்டில் கடனும் இல்லை, வட்டியும் இல்லை. வேலையைச் செய், கணக்கைக் காட்டு, பங்கை வாங்கிக்கொள். அவ்வளவுதான்.

ஆகவே நமது வர்த்தக சங்கங்கள் அடுத்த முறை அரச அதிகாரிகளைச் சந்திக்கும்போது 'நிவாரணம் தாருங்கள்' என்று பொத்தாம் பொதுவாகக் கேட்பதை விட, 'திருத்த வேலைச் செலவில் ஒரு பங்கை ஏற்றுக்கொள்ளுங்கள். மீதியை நாங்கள் போடுகிறோம். பில்லைப் பாருங்கள், இடத்தைப் பாருங்கள்' என்று கேட்கலாம். பிச்சை கேட்பவனின் குரலும் பங்கு போட வருபவனின் குரலும் ஒன்றல்ல.

அரசாங்கம் தரும் வரை காத்திருக்கவும் தேவையில்லை. ஒரு கடைவீதியில் நூறு கடைகள் இருந்தால், மாதம் ஒரு சிறு தொகையைப் பொது நிதிக்கு ஒதுக்கலாம். கடைக்காரர்களே தெரிவு செய்யும் ஐந்து பேர் கொண்ட குழு. தன் கடை பற்றிய முடிவில் தான் கலந்துகொள்ளக் கூடாது என்ற ஒழுங்கு. அனர்த்தம் வந்தால் திருத்தச் செலவில் பாதியோ முக்காலோ. யாருக்கு எவ்வளவு போனது என்று பள்ளிவாசல் அறிவித்தல் பலகையில் ஒரு பட்டியல். சிறு கடைக்காரர் கையில் காசில்லாமல் வேலையைத் தொடங்க முடியாது என்பதால் அவருக்கு மட்டும் ஒரு பகுதியை முற்பணமாகக் கொடுக்கலாம். ஸக்காத் பணத்தை இதற்கு எடுக்கலாமா என்பதை உலமாக்களிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். நான் சொல்வது வியாபாரிகள் தாமாகப் போடும் நிதியை.

தனி வியாபாரிகள் இன்றே செய்யக்கூடியவை நான்கு:

1. மாதத்துக்கு ஒரு முறையாவது ஸ்டொக் பட்டியல் எடுத்து, ஒரு பிரதியைக் கடைக்கு வெளியே, உயரமான இடத்தில் வையுங்கள்.

2. கொள்வனவு பில்களைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்து, வீட்டாருக்கும் ஒரு பிரதி அனுப்பி வையுங்கள்.

3. தண்ணீர் வந்தால் கழுவுவதற்கு முன் படம் எடுங்கள்; சுவரில் தண்ணீர் நின்ற அடையாளமும் தெரியட்டும். கிராம உத்தியோகத்தருக்கு அறிவித்துவிட்டுப் பிறகு துப்புரவைத் தொடங்குங்கள்.

4. திருத்த வேலையில் கூலி, சாமான், லொறி வாடகை, உங்கள் சொந்த ஆட்களின் நாள் கணக்கு எல்லாவற்றையும் தனிக் கொப்பியில் எழுதுங்கள்.

எழுதி முடித்த பின் கடைசியாக ஒரு கேள்வியையும் நமக்குள் கேட்டுக்கொள்வோம். ஹம்பர்க் ஊர் அணையை இறக்கி, எட்டு வருடத்தில் மறுபடி மூழ்கியது. அவர்களிடம் பணம் இல்லை. நம் கடைவீதிகள் ஆற்றோரத்தை ஒடுக்கி ஒடுக்கிக் கட்டியவை. இதைச் சரிசெய்ய நம்மிடம் இல்லாதது பணம்தானா, மனமா? திருத்தச் செலவில் யார் எவ்வளவு பங்கு போட்டாலும், ஆற்றுக்கு அதன் வழியைத் திருப்பிக் கொடுக்காத வரை அந்தச் செலவு ஒவ்வொரு மாரியிலும் புதுப்பித்துக்கொண்டே இருக்கும்.

வடிகால் ஒதுக்கிடம் பற்றிய சட்டம் என்ன சொல்கிறது, கடைக் கட்டிடம் கட்டுவோர் எதைக் கவனிக்க வேண்டும் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.